பழைய ஆக்‌ஷன் ஹீரோவுக்குக் கேலிக் கதை எழுதும் தம்பிகளுக்கு

சாலிகிராமத்தில் எந்த டிஸ்கஷன் ரூமுக்குப் போனாலும் ஒரு உதவி இயக்குநர் இதே கதையோடு உட்கார்ந்திருக்கிறார்: மார்க்கெட் போன ஆக்‌ஷன் ஹீரோ தன்னையே ஓட்டிக்கொண்டு திரும்பி வருகிறார். எல்லோரும் கை காட்டுவது 2008-இல் வந்த 'ஜேசிவிடி'யை. பெல்ஜியத்திலிருந்து வந்த ஹாலிவுட் சண்டை ஹீரோ ஜீன்-க்ளாட் வான் டாம், வான் டாமாகவே நடித்த படம். விக், தொப்பை ஜோக்குகள் ஷூட்டிங்கிலேயே சரியாகிவிடும். விடுங்கள், கதையைக் கெடுப்பது கீழே உள்ள நான்கு தப்புகள்தான்.

மற்றவர்களை விட்டு ஓட்டுவது

காமெடியன் வந்து "என்ன தாத்தா" என்றால் அது அவமானம். வான் டாம் படத்தின் முதல் சீனில் ஒரே ஷாட்டில் நீளமான ஃபைட், முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு "எனக்கு 47 வயசு, இதை ஒரே டேக்கில் பண்ணுவது கஷ்டம்" என்று அவரே டைரக்டரிடம் புலம்புகிறார். அப்புறம் அவருக்கு வரவேண்டிய வேடம் இன்னொரு ஹாலிவுட் சண்டை ஹீரோவான ஸ்டீவன் சீகலுக்குப் போகிறது, சீகல் குடுமியை வெட்டச் சம்மதித்துவிட்டாராம்!

இல்லாத இமேஜைக் கேலி செய்வது

இரண்டே ஹிட் கொடுத்தவருக்கு இந்தக் கதை வேண்டாம்.

க்ளைமாக்ஸில் மாஸைத் திருப்பிக் கொடுப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிகிறது. வடபழனியில் ஒரு சீனியர் ஹீரோவுக்குக் கதை சொல்லும் நரேஷன், பெயர் வேண்டாம். மகளின் ஸ்கூல் ஃபீஸுக்காகக் கடை திறப்பு விழாவுக்குப் போய் அங்கே ரவுடியிடம் அடி வாங்கும் பழைய நடிகர், இதுதான் கதை. மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மீட்டிங்கில் மேனேஜர் வாயைத் திறந்தார்: "சார் திருப்பி ஒண்ணாவது குடுக்கணும், ஃபேன்ஸ் தாங்க மாட்டாங்க." சரி, ஒன்றுதானே என்று எழுதிக் கொடுத்தார்கள். ஃபைட் மாஸ்டர் வந்ததும் அந்த ஒன்றுக்குப் பறக்க ரோப் வந்தது, ஸ்லோ மோஷன் வந்தது, முன்னால் ஒரு பஞ்ச் டயலாக், அதற்கும் முன்னால் ஒரு பில்டப் பாட்டு. மீதிப் படத்துக்கு ஆன செலவைவிட அந்த ஃபைட்டுக்கு அதிகம். தியேட்டரில் அது ஓடும்போது பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள், இவ்வளவு நேரம் மூச்சிரைத்த ஆள் திடீரென்று பறந்தால் யார் நம்புவார்கள்?

வான் டாம் படத்தில் அவர் ப்ரஸ்ஸல்ஸில் ஒரு போஸ்ட் ஆபீஸ் கொள்ளைக்குள் மாட்டிக்கொள்கிறார், வெளியே போலீஸ் அவரையே கொள்ளைக்காரர் என்று நினைக்கிறது. கடைசியில் துப்பாக்கிக்காரனை எகிறி உதைக்கிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஆனால் அது அவர் மனசுக்குள் ஓடுவது. நிஜத்தில் முழங்கையால் ஒரு இடி, உடனே போலீஸ் அமுக்குகிறது, அப்புறம் ஜெயில். ரசிகனுக்கு உதையும் கிடைத்தது, கதையும் கெடவில்லை. நம் தம்பிகள் அந்த உதையை மட்டும் உருவிக்கொண்டு வருகிறார்கள். முதல் நரேஷனிலேயே க்ளைமாக்ஸை வரி வரியாகச் சொல்லுங்கள், மேனேஜரையும் பக்கத்தில் உட்கார வைத்து.

அழுகையை முன்னாலேயே வைப்பது

நாற்காலியோடு செட்டுக்கு மேலே எழும்பி, லைட்டெல்லாம் தெரிய, கேமராவைப் பார்த்து வான் டாம் தன் வாழ்க்கையைப் பேசும் அந்த நீளமான ஷாட் படம் பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான் வருகிறது. நீங்கள் டைட்டில் கார்டுக்கு முன்னாலேயே அழ வைக்கிறீர்கள்.