டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல், கிராஸ்: வீட்டிலேயே மாற்றும் முறை

ஷாஃப்ட் டிரைவ் பைக்கின் (செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் ஓடும் வண்டி) பின் ரிம்மில் ஆயில் தெரிந்ததும் சீல் வாங்க ஓட வேண்டாம். முதலில் ஃபைனல் டிரைவின் (பின் சக்கரத்தை ஒட்டிய கியர் பெட்டி) பிரீதரை, அதாவது காற்றுத் துளையைப் பாருங்கள். அதில் சேறு அடைத்திருந்தால், வண்டி ஓடிச் சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகவே ஆயில் கசியும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் சீலைச் சந்தேகப்படுங்கள்.

ரிம்மும் பிரேக் பக்கமும் ஈரமாக இருந்தால், சக்கரத்தை ஒட்டிய பெரிய சீல் போயிருக்கும். ஷாஃப்ட் இணைப்பை மூடும் ரப்பர் பூட்டுக்குள் (உறைக்குள்) ஆயில் நின்றால் கியர்பாக்ஸ் அவுட்புட் சீலாகவோ பினியன் (ஃபைனல் டிரைவில் ஷாஃப்ட் வந்து சேரும் சிறு பற்சக்கரம்) சீலாகவோ இருக்கலாம். விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலில் ஓடும் வண்டியில் மூக்கே பதில் சொல்லிவிடும்: நெடி இருந்தால் பினியன் சீல், இல்லாவிட்டால் அவுட்புட் சீல். பினியன் சீலை மட்டும் வீட்டில் தொடாமல் இருப்பது நல்லது. பல வண்டிகளில் அந்த நட்டைக் கழற்றத் தனி டூல் வேண்டும். இறுக்கம் மாறினால் பேரிங் வீணாகும்.

கழற்றுவது

வண்டியைச் சற்று ஓட்டி, ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போது வடியுங்கள். டிரெயின் போல்ட்டைத் தொடும் முன் ஃபில்லர் போல்ட்டைத் திறந்து பாருங்கள். அது திறக்காவிட்டால், வடித்தபின் ஆயில் ஊற்ற வழி இருக்காது. பிரேக் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. பிறகு சக்கரம், அடுத்து ஃபைனல் டிரைவ். அது கனமானது, அடியில் முட்டுக் கொடுங்கள். ஷாஃப்ட் முனையில் ஸ்பிரிங் இருந்தால், எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள்.

கிராஸ் என்பது ஷாஃப்ட் சாய்வாகச் சுழல உதவும் சிலுவை வடிவ இணைப்பு. இரண்டு கிராஸ் உள்ள ஷாஃப்டின் நடுவே ஸ்பிளைன் (நீளவாக்கில் பல் வெட்டிய) இணைப்பு இருந்தால், பிரிக்கும் முன் இரு பாகங்களுக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். சாய்வாகச் சுழலும் கிராஸ் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகத்தை ஏற்றி இறக்கும். எதிர்முனைக் கிராஸ் அதைச் சமன்செய்யும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் அந்தக் கணக்கு கெட்டு, அதிர்வு வரும், புதுக் கிராஸும் சீக்கிரம் தேயும்.

சீல்

பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அலுமினிய ஹவுசிங்கில் கீறல் விழும், பிறகு புது சீலைச் சுற்றியே கசியும். கொக்கி வைத்த சீல் புல்லருக்குச் செலவு செய்யலாம். சீல் லிப் (சீலின் உள்விளிம்பு) உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை. மேலே மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும்.

ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். லிப்பில் ஆயில் தடவி, சீலின் வெளிவிளிம்பு அளவுள்ள குழாயை வைத்து நேராகத் தட்டுங்கள். ஒரு பக்கம் முதலில் இறங்கினால் அடித்துச் சரிசெய்யப் பார்க்காமல் வெளியே எடுத்துத் திரும்ப ஆரம்பியுங்கள்.

கிராஸ்

மடக்கிப் பாருங்கள். நடுவில் ‘டக்’கென்று பிடித்தாலோ, ஆட்டம் இருந்தாலோ, கப் (கிராஸின் கை முனையை மூடும் பேரிங்) ஓரத்தில் செம்பழுப்புத் தூள் தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். சர்க்கிளிப் (கப்பைப் பூட்டும் வளையம்) இல்லாமல் உலோகத்தை நசுக்கிப் பூட்டிய வகை என்றால் ஷாஃப்டையே மாற்றுங்கள்.

சுத்தியலை விட வைஸ் நல்லது. சர்க்கிளிப்பை எடுத்துவிட்டு, கப்பை விடச் சிறிய சாக்கெட்டை ஒரு பக்கமும், கப் உள்ளே நுழையும் அளவு பெரிய சாக்கெட்டை எதிர்ப்பக்கமும் வைத்து அழுத்தினால் கப் வெளியே வரும்.

மாட்டும்போதுதான் பலர் மாட்டிக்கொள்வது. கப்பின் உட்சுவரில் நிற்கும் நீடில்களை (ஊசி போன்ற மெல்லிய உருளைகள்) தாங்குவது கிரீஸ் மட்டுமே. கிராஸின் கை கப்புக்குள் இல்லாமல் அழுத்தினால் ஒரு நீடில் சரிந்து அடியில் படுத்துவிடும். அறிகுறி இதுதான்: கப் கிட்டத்தட்ட முழுக்க இறங்கியிருக்கும், சர்க்கிளிப் காடி மட்டும் பாதிதான் தெரியும். அங்கேயே நிறுத்துங்கள். வைஸை இன்னும் முறுக்கினால் நீடில் நசுங்கும், கப்பும் விரியலாம். வெளியே எடுத்து நீடில்களை எண்ணி அடுக்கி, கிராஸைக் கையால் அந்தக் கப்புக்குள் தள்ளிப் பிடித்தபடியே அழுத்துங்கள்.

சர்க்கிளிப் போட்டபின் இறுக்கமாக இருந்தால், யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) காதில் மென்சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கப் சர்க்கிளிப்பில் போய் உட்காரும். தட்டியும் மணல்போல் நெருடினால் நீடில் சரிந்திருக்கிறது.

திரும்ப மாட்டுவது

ஸ்பிளைனுக்குச் சாதாரண லித்தியம் கிரீஸ் வேண்டாம், சீக்கிரம் வழிந்து வெளியேறிவிடும். மாலிப்டினம் டைசல்ஃபைடு அதிகமுள்ள பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவுங்கள். ரப்பர் பூட்டின் விளிம்பு காடியில் முழுச் சுற்றும் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடிப்பக்கம் மடங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கும் அளவு). ஆயில் பெரும்பாலும் ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) வகை. அளவு பொதுவாக 250 மில்லிக்குள்தான் வரும், உங்கள் மாடலுக்கான எண்ணை மேனுவலில் பார்த்து அளந்து ஊற்றுங்கள்.

பழைய கசிவு பிரேக் பக்கம் போயிருந்தால் டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்து, பேடைப் புதிதாகப் போடுங்கள். ஆயில் ஊறிய பேடைத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது ஆபத்து.