வயித்துல அமிலம் குறைஞ்சாலும் செமிக்காது, என்ன செய்யணும்?

சாப்பிட்டு ரெண்டு மூணு மணித்தியாலமாகியும் வயிறு கல்லு மாதிரி கிடந்தா உடனே கேஸ்ட்ரிக் கூடிட்டு எண்டு பாமசில ஒமிப்ரசோல் (அமிலத்தைக் குறைக்கிற குளிசை) வாங்கிப் போடாதீங்க, சில பேருக்கு அமிலம் குறைஞ்சும் இப்பிடி வரும். வெறும் வயித்துல பிஎச் (அமிலத்தை அளக்கிற எண், அது ஏற ஏற அமிலம் குறைவு) 1க்கும் 3க்கும் இடையில இருக்கணும், அது ஏறினா புரதத்தைச் செமிக்க வைக்கிற பெப்சின் ஒழுங்கா வேலை செய்யாது, இரும்பும் விற்றமின் பி12உம் சரியாச் சேராது, சிறுகுடல்ல கிருமி பெருகி வயிறு ஊதும்.

களுவாஞ்சிக்குடில எங்கட மாமி கனகாலமா அந்தக் குளிசை போட்டவ. நாலு வாய் சோறும் மீன் குழம்பும் திண்டாலே போதும் எண்டு பீங்கானைத் தள்ளிருவா, நாக்கு சிவந்து வழுவழுண்டு இருந்திச்சு. ரத்தம் பார்த்தா பி12 குறைவு.

முதல்ல என்ன குளிசை எத்தனை வருசமாப் போடுறீங்க எண்டு எழுதி கிளினிக்குக்குக் கொண்டு போங்க. பி12, பெரிட்டின் (உடம்புல இரும்புச் சேமிப்பு), எச் பைலோரி (வயித்துல புண் வரவைக்கிற கிருமி) பார்க்கணுமா எண்டு கேளுங்க, பைலோரி டெஸ்டுக்கு ரெண்டு கிழமை முந்தி ஒமிப்ரசோலை நிப்பாட்டச் சொல்லுவாங்க. நீங்களா சடார் எண்டு நிப்பாட்டாதீங்க, அமிலம் திரும்பிப் பொங்கும். அமிலம் இருக்கா எண்டு அறிய அப்பச்சோடா குடிச்சு ஏப்பம் வருதா எண்டு பார்க்கிறத நம்பவே வேணாம், வயித்துல புண் இருந்தா அமிலத்தைக் கூட்ட எண்டு வினாகிரியும் குடிக்க வேணாம். மலம் கறுப்பாப் போனா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.