சின்ன ட்ரக்டருக்கு ஹைட்ரோலிக் வால்வு பூட்டும்போது விடும் பிழைகள்

யப்பானில் பாவித்து இங்கே வந்த குபோட்டா, யன்மார், இசெக்கி போன்ற சின்ன ட்ரக்டர்கள் பலவற்றில், கலப்பையைத் தூக்கும் பின் கைகளைத் தவிர வேறெதையும் ஹைட்ரோலிக்கால் இயக்க முடியாது. ஒழுங்கைக்குள் எருவும் மண்ணும் இழுக்க டிப்பர் பெட்டி வேண்டுமென்றால், தனியாக ஒரு வால்வும் ஹோசும் சிலிண்டரும் பூட்ட வேண்டும். வீட்டு முற்றத்தில் ஒரு நாளில் முடிகிற வேலைதான். பம்பை உடைத்துக்கொள்ளவும் அதே ஒரு நாள் போதும்.

பெரிய பிழை எல்லாம் ஒயில் போகும் வழியில்தான் நடக்கிறது. இந்த ட்ரக்டர்களின் கியர் பம்ப், எஞ்சின் ஓடும்வரை ஒயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். லீவரைத் தொடாத நேரத்தில் அந்த ஒயில் புது வால்வின் நடுவால் புகுந்து, பின் கைகளின் வால்வுக்குப் போய், கியர் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். ஆகவே வாங்குகிற வால்வு ஓப்பின் சென்ரர் வகையாக இருக்க வேண்டும், அழுத்தமுள்ள ஒயிலை அடுத்த வால்வுக்குக் கடத்தும் 'பவர் பியொண்ட்' வாயும் இருக்க வேண்டும். பம்பிலிருந்து வரும் குழாய் 'பி' வாய்க்கு. பவர் பியொண்ட் வாயிலிருந்து பின் கைகளுக்கு. 'ரி' வாயிலிருந்து தடையில்லாமல் நேரே கியர் பெட்டிக்கு. மூன்று இணைப்பு, ஒன்றும் குறையக்கூடாது.

ஒரு ஹோஸ் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் 'ரி' வாயையே பின் கைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கலப்பை தூக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் தெரியும். பாரம் ஏறியதும் அந்த அழுத்தம் முழுவதும் 'ரி' வழிக்குள் வந்து நிற்கும். அது அழுத்தம் தாங்கச் செய்த வழி அல்ல; சீல் பிதுங்கும், சிலவேளை வால்வின் உடலே வெடிக்கும். பவர் பியொண்ட் வழியைப் பிரித்துவிடும் சிறு குழலான ஸ்லீவைப் பூட்டிவிட்டு அந்த வாயை அடைத்து வைப்பது இதற்கு நேர்மாறான பிழை. அப்போது ஒயிலுக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு கீச்சிடும், ஒயில் கொதிக்கும். பல வால்வுகளோடு இந்த ஸ்லீவ் வராது. கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

மசி பெர்குசன் 135, 240 வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்ய வேண்டாம். அவற்றின் பிஸ்டன் பம்ப் பின் அச்சுப் பெட்டிக்குள் இருக்கிறது. அது உறிஞ்சும் பக்கத்தில்தான் கட்டுப்படுத்தப்படுகிறது. தூக்கும் லீவர் கேட்டால்தான் ஒயில் வரும். அதற்கு எடுக்கும் இடமும் வேறு, வால்வும் வேறு.

டிப்பர் பெட்டியின் சிலிண்டர் பெரும்பாலும் ஒற்றை வழி: ஒயில் தூக்கும், பாரம் இறக்கும். அதற்கு இரட்டை வழி வால்வைப் பூட்டி மற்ற வாயில் அடைப்பான் போட்டால், பெட்டியை இறக்கும் ஒவ்வொரு முறையும் பம்ப் அந்த அடைப்பானோடு மல்லுக்கட்டும். ஒற்றை வழி ஸ்பூல் (வால்வுக்குள் நகர்ந்து ஒயிலைத் திருப்பும் தண்டு) உள்ள வால்வு வாங்குங்கள். கையில் இருப்பது இரட்டை வழிதான் என்றால், இரண்டாவது வாயை ரி குழாயோடு சேர்த்துக் கியர் பெட்டிக்கே திருப்பி விடுங்கள்.

பெட்டி தூக்கவில்லை என்றதும் ரிலீஃப் திருகை இறுக்குவது ஆபத்தான பழக்கம். சின்ன ட்ரக்டர்களின் அழுத்தம் அநேகமாக 1,800 முதல் 2,500 பி.எஸ்.ஐ. வரை, சரியான எண் அந்தந்த ட்ரக்டரின் கையேட்டில் இருக்கும். 5,000 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜ் ஒன்றைப் பூட்டாமல் திருகைத் தொடாதீர்கள். 75 மி.மீ. சிலிண்டர் 2,000 பி.எஸ்.ஐ.யில் ஏறக்குறைய 6 தொன் தள்ளும். அப்படியும் தூக்கவில்லையென்றால் பாரமோ சிலிண்டர் நிற்கும் கோணமோதான் பிழை.

மரை விடயத்தில் கண்ணை நம்ப வேண்டாம். அரை அங்குலத்தில் பிரித்தானிய மரையான பி.எஸ்.பி.யும் அமெரிக்க மரையான என்.பி.ரி.யும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஒன்றுக்குள் ஒன்று ஏறும், இறுகும், பிறகு கசியும்: பி.எஸ்.பி.யின் மரைக்கோணம் 55 பாகை, என்.பி.ரி.யினுடையது 60. 3/8 அங்குலத்தில் பி.எஸ்.பி.க்கு 19 மரை, என்.பி.ரி.க்கு 18. சில சுற்றிலேயே மரை கடித்துவிடும். யப்பான் ஹோஸ் முனைகளின் கூம்பு 30 பாகை, அமெரிக்க ஜே.ஐ.சி. முனைகளில் 37 பாகை, இவையும் பொருந்தா. பழைய முனையைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவதே வழி. நேர் மரைக்கு உலோக வளையத்துக்குள் ரப்பர் ஒட்டிய டவுட்டி வாஷர் போடுங்கள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப் இங்கே ஆகாது. அதன் நார் ஒன்று ஸ்பூலில் சிக்கினால் பெட்டி நடுவானில் நிற்கும். ஹாட்வெயாரில் மலிவாகக் கிடைக்கும் ஜி.ஐ. எல்போவும் அப்படித்தான். அது கிணற்றடிக்குச் சரி, ஹைட்ரோலிக்குக்கு அல்ல.

ஹோஸ் இரட்டைக் கம்பி வலை உள்ள ஆர்2 ஆக இருக்கட்டும். 3/8 அங்குல ஆர்2 சுமார் 330 பார், அதாவது 4,800 பி.எஸ்.ஐ. தாங்கும்; ஆர்1 அதில் பாதிக்குச் சற்றே கூட. 3/8 ஹோசை 130 மி.மீ. ஆரத்துக்குள்ளும், அரை அங்குலத்தை 180 மி.மீ.க்குள்ளும் வளைக்கக்கூடாது. மேலே ஓடும் எழுத்து வரி நேராகத் தெரிய வேண்டும். சுருண்டிருந்தால் ஹோஸ் முறுகியிருக்கிறது. புது ஹோசுக்குள் வெட்டிய ரப்பர்த் தூளும் கம்பித் தூளும் இருக்கும், காற்றடித்துக் கழுவிப் பூட்டுங்கள். கழற்றிய ஒவ்வொரு வாய்க்கும் உடனே மூடி. வலிகாமத்துச் செம்மண் புழுதிக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

வால்வுத் தாங்கியைக் கியர் பெட்டியில் துளையிட்டோ, ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தில் வெல்டிங் செய்தோ பூட்டக்கூடாது. இருக்கிற போல்ட் துளைகளில் தகடு வைத்துப் பூட்டுங்கள்.

ஒயிலில் பலர் அளவு பார்ப்பதில்லை. 75 மி.மீ. விட்டமும் 500 மி.மீ. ஓட்டமும் உள்ள சிலிண்டர் முழுதாக நீளும்போது கியர் பெட்டியிலிருந்து 2.2 லீற்றர் எடுக்கும். அரை அங்குல ஹோஸ் ஒரு மீற்றருக்கு 0.13 லீற்றர் பிடிக்கும். சிலிண்டர் முழுதாகச் சுருங்கியிருக்கும்போது மட்டம் பாருங்கள். நீட்டி வைத்து நிரப்பினால் சுருங்கும்போது வெளியே தள்ளும். ஊற்றுவது ட்ரக்டருக்கென்றே உள்ள கியர்-ஹைட்ரோலிக் ஒயில். எஞ்சின் ஒயிலோ வெறும் 68ஆம் இலக்க ஹைட்ரோலிக் ஒயிலோ கலந்தால், ஒயிலில் ஊறும் பிரேக் உள்ள ட்ரக்டர்களில் பிரேக் உறுமும்.

முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் ஐட்லிங்கில், பெட்டி வெறுமையாக. ஐந்தாறு முறை ஏற்றி இறக்கினால் காற்று போய்விடும், பிறகு மறுபடி மட்டம் பாருங்கள். பெட்டியைத் தூக்கி வைத்துக் கீழே கை நீட்டும் வேலை இருந்தால் இரும்புத் தாங்கி கொடுக்க வேண்டும். வால்வு பிடித்துக்கொண்டிருக்கும் என்று தலையை விடாதீர்கள்.

கசிவைக் கையால் தடவித் தேடுவது எல்லாவற்றிலும் மோசமான பழக்கம். ஊசித் துவாரத்தால் பீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்திய அளவுதான் தெரியும், நோவும் முதலில் இராது. கார்ட்போட் மட்டையை நீட்டித் தேடுங்கள், இறுக்குமுன் எஞ்சினை நிறுத்தி லீவரை இரு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்குங்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் மருந்து கட்டிக்கொண்டு நாளைக்குப் பார்ப்போம் என்று இராமல், அந்த மணித்தியாலத்திலேயே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போய், ஹைட்ரோலிக் ஒயில் அழுத்தத்தோடு உள்ளே ஏறியது என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்.