வெப்பமண்டல நாட்டுப்புறத்தில் நெடுந்தொலைவு ரயில்: எந்த நேரம், எந்தச் சன்னல்

நெடுந்தொலைவு ரயிலுக்குச் சீட்டு எடுப்பவர்கள் பெரும்பாலும் புறப்படும் நேரத்தையும் கட்டணத்தையும் மட்டுமே பார்க்கிறார்கள். வயலும் காடும் பார்த்துக்கொண்டே போக விரும்புகிறவர், எந்தப் பகுதியை வண்டி பகலில் கடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான், அந்திப்பொழுதும் நீளாது. சூரியன் மறைந்த அரை மணிக்குள் சன்னல் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும். ஆகவே இடைப்பட்ட நிலையங்களின் நேரங்களைப் பார்த்து, மலையோ கடலோரமோ பகலில் வருகிற வண்டியைத் தேர்ந்தெடுங்கள். அது சற்று மெதுவான வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது, எந்தப் பக்கம் அமர்வது என்பது. வியட்நாமில் ஹனோய்க்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் இடையிலான 1,726 கிலோமீட்டர் பாதை, ஹுவேயைத் தாண்டியதும் ஹாய் வான் மலைச்சரிவில் கடலை ஒட்டி வளைந்து செல்கிறது. தெற்கே போகிறவருக்குக் கடல் இடப்பக்கம். வலப்பக்கத்தில் இடம் பிடித்தவர் மலைச்சரிவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரு பக்கமும் ஒரே மாதிரியான வயல்வெளி என்றால், காலையில் மேற்குச் சன்னலும் பிற்பகலில் கிழக்குச் சன்னலும் நல்லவை. வெயில் முகத்தில் அடிக்காது. நமக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியில் பயிரின் பச்சையும் நன்றாகத் தெரியும்.

குளிரூட்டிய பெட்டி இரவுத் தூக்கத்துக்கு ஏற்றது. பகலுக்குத் திறக்கும் சன்னலே என் தேர்வு. ஈரக்காற்று மிகுந்த இடங்களில் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறம் நீர்த்துளிகள் படிந்து மங்கிவிடும். உள்ளிருந்து எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. திறந்த சன்னலுக்கும் ஒரு விலை உண்டு: மழை வந்தால் அடைக்க வேண்டும், தலையையோ கையையோ ஒருபோதும் வெளியே நீட்டக் கூடாது. மலேரியா பரப்பும் கொசுக்கள் அந்தி முதல் விடியல் வரை கடிப்பதால், பொழுது சாயும் முன்பே முழுக்கைச் சட்டைக்கு மாறிவிடுங்கள்.

வெப்பமண்டலம்தானே என்று கம்பளிச் சட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இலங்கையில் கொழும்பிலிருந்து பதுளை செல்லும் பாதை 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏறுகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைவதால், வியர்த்தபடி ஏறியவர் நடுங்கியபடி இறங்க நேரிடும். குடிநீரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இரண்டு பையில் இருக்கட்டும்.

ஒற்றைத் தடப் பாதைகளில் எதிர்வண்டிக்காகக் காத்திருப்பது வழக்கம் என்பதால், அடுத்த வண்டிக்கோ விமானத்துக்கோ சில மணி நேர இடைவெளி விட்டே முன்பதிவு செய்யுங்கள். நாட்டுப்புறத்தை நிதானமாகப் பார்க்கக் கிடைப்பதும் அந்தக் காத்திருப்பில்தான்: வரப்பில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, தண்டவாளக் கற்களுக்கிடையே முளைத்த தொட்டாற்சிணுங்கி. கால் நீட்ட இறங்கினால் கதவை விட்டு அகலாதீர்கள். எதிர்வண்டி கடந்த சில நிமிடங்களில் நம் வண்டி நகரத் தொடங்கிவிடும்.