ரத்தக் கீட்டோன் டெஸ்ட்: செமி ஆட்டோ அனலைசரில் செய்வது எப்படி?

கீட்டோனுக்கு இன்னும் நைட்ரோபுரூசைடு ஸ்ட்ரிப்பை நம்பும் லேப்கள் உண்டு. அந்த நிறம் மாறும் ஸ்ட்ரிப் முக்கியமாக அசிட்டோஅசிடேட் என்ற கீட்டோனைத்தான் காட்டும். பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற இன்னொரு கீட்டோன் அதன் கண்ணில் படாது. சர்க்கரை நோயாளிக்குக் கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் கூடி ரத்தம் அமிலமாகும் நிலை) வரும்போது கூடுவதோ பெரும்பாலும் இரண்டாவதுதான். சிகிச்சையில் அது குறைந்து அசிட்டோஅசிடேட்டாக மாறுவதால், நோயாளி தேறிவரும் நேரத்தில் ஸ்ட்ரிப் நிறம் கூடிக்கூட வரலாம். அதனால் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டை அளக்கும் என்சைம் கிட்டையே வாங்குங்கள். அந்த என்சைம் வினையில் உண்டாகும் என்ஏடிஹெச் என்ற பொருளைத்தான் அனலைசர் அளக்கும்.

1. சீரம் அல்லது ஹெபரின் பிளாஸ்மா போதும். சிவந்த, ஹீமோலைஸ் ஆன சாம்பிளை ஒதுக்கிவிட்டு வேறு ரத்தம் கேளுங்கள்.

2. அனலைசரில் 340 நானோமீட்டர், 37 டிகிரி, ஃபிக்ஸட் டைம் (குறிப்பிட்ட நேரத்தில் ஒளி உறிஞ்சல் எவ்வளவு மாறியது என்று பார்க்கும் முறை). ரீஜென்ட், சாம்பிள் அளவுகள் கிட்டுக்குக் கிட்டு மாறும். கிட்டோடு வரும் தாளில் உள்ளபடியே வையுங்கள்.

3. பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரீஜென்ட்டில் உடனே சாம்பிளைச் சேர்த்தால் என்சைம் மெதுவாக ஓடும், ரிசல்ட் குறையும். ஸ்டாண்டர்டைச் சூடான ரீஜென்ட்டிலும் சாம்பிளைக் குளிர்ந்ததிலும் போட்டால், டாக்டருக்கு உடனே சொல்லவேண்டிய 3 மில்லிமோல்/லிட்டருக்கு மேல் இருக்கவேண்டியது 3-க்குக் கீழே இறங்கிவிடும். எல்லா டியூபையும் ஒன்றாக 37 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே சாம்பிளைச் சேருங்கள். கலந்ததிலிருந்து ரீடிங் வரை எல்லாவற்றுக்கும் ஒரே நேர இடைவெளி.

4. பிளாங்க் (சாம்பிள் இல்லாத ரீஜென்ட்), ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த கரைசல்), கன்ட்ரோல் (சரிபார்க்கும் சாம்பிள்), பிறகு நோயாளி சாம்பிள். பிளாங்கைக் கழிக்க மறக்காதீர்கள். உதாரணமாக 1 மில்லிமோல்/லிட்டர் ஸ்டாண்டர்டின் ஒளி உறிஞ்சல் மாற்றம் 0.030, பிளாங்க் 0.002, சாம்பிள் 0.100 என்றால்: 0.098 ÷ 0.028 = 3.5 மில்லிமோல்/லிட்டர்.

5. லீனியாரிட்டியை (கிட் சரியாக அளக்கும் உச்ச அளவை) ரிசல்ட் தாண்டினால் சலைனில் நீர்த்து மறுபடி ஓட்டி, அதே மடங்கால் பெருக்குங்கள். அதிக அளவு சாம்பிளுக்குப் பின் ஃப்ளோசெல்லை (அனலைசருக்குள் திரவத்தை அளக்கும் சின்ன அறையை) நன்றாகக் கழுவாவிட்டால் அடுத்தவர் ரிசல்ட்டும் ஏறும்.

கிட் வாங்கும்போது ஆக்ஸமேட் சேர்ந்ததா என்று பாருங்கள். ஷாக்கில் (ரத்த ஓட்டம் குறைந்த ஆபத்து நிலையில்) உள்ளவருக்கு லாக்டேட்டும் அதன்மேல் வேலை செய்யும் எல்டிஹெச் என்சைமும் கூடியிருக்கும். அவையும் என்ஏடிஹெச் உண்டாக்கி ரிசல்ட்டைப் பொய்யாக உயர்த்தும். எல்டிஹெச்சை அடக்கும் ஆக்ஸமேட் அதைத் தடுக்கும்.

பின்சேர்க்கை: யூனிட் குழப்பம் நிறைய வருகிறது. 1 மில்லிமோல்/லிட்டர் என்பது சுமார் 10.4 மில்லிகிராம்/டெசிலிட்டர். ரிப்போர்ட்டில் யூனிட் கட்டாயம் இருக்கவேண்டும். 0.6 மில்லிமோல்/லிட்டருக்குக் கீழே இயல்பு, 3.0 அல்லது அதற்கு மேல் என்றால் பிரிண்ட் வரும்வரை காத்திராமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். டாபாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை 200 மில்லிகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இருந்தும் கீட்டோன் ஏறலாம், ஆகவே சர்க்கரையைப் பார்த்து இந்த ரிசல்ட்டைச் சந்தேகிக்காதீர்கள்.