டூர் பேக்கேஜை ரத்து செய்யும்போது பணத்தைக் கோட்டைவிடும் இடங்கள்

பேக்கேஜ் டூரை ரத்து செய்தால் பணம் வரவே வராது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. முழுப் பணமும் வந்தே தீரவேண்டும் என்று போனில் தொண்டை கிழியச் சண்டை போடுகிறவர்களும் உண்டு. இருவருக்குமே நஷ்டம்தான். எவ்வளவு திரும்பி வரும் என்பது நம் கோபத்தையோ கெஞ்சலையோ பொறுத்ததல்ல. ஒப்பந்தத்திலிருந்து விலகியது யார், அது எந்தத் தேதியில் எழுத்தில் பதிவானது என்பதைப் பொறுத்தது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைக் கோட்டைவிடுவதால் வருகிறவை.

முந்திக்கொண்டு ‘கேன்சல்’ சொல்வது

இருப்பதிலேயே அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான். டூர் நிறுவனம் விமானத்தை ஒருநாள் தள்ளிவைக்கிறது. சொன்ன ஹோட்டலுக்குப் பதில் ஊருக்கு வெளியே வேறொன்றைத் தருகிறது. எரிச்சலில் நாம், “எனக்கு இந்த டூரே வேண்டாம், கேன்சல் பண்ணிடுங்க” என்று ஒரு மெயிலைத் தட்டிவிடுகிறோம். அந்த ஒரு வரியோடு நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அதுவரை ஒப்பந்தத்தை மாற்றியவர்கள் அவர்கள். இப்போது விலகியவர் நாம். ரத்துக் கட்டணம் நம் தலையில் விழுகிறது.

அந்த இடத்தில் எழுத வேண்டியது வேறு. “இந்தத் தேதியில் நீங்கள் தெரிவித்த மாற்றம், பயணத்தின் முக்கியமான அம்சத்தையே மாற்றுகிறது. இதை நான் ஏற்கவில்லை. முதலில் ஒப்புக்கொண்டபடி பயணத்தை நடத்த முடியுமா என்று எழுத்தில் தெரிவியுங்கள். முடியாது என்றால் நான் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்.” இவ்வளவு போதும். பந்து அவர்கள் பக்கம் போய்விட்டது. அவர்கள் பதிலில் கெடு ஏதும் போட்டிருந்தால் அதைத் தாண்ட விடாதீர்கள். பதில் சொல்லாமல் இருந்தால் மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகவோ, ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகவோ எடுத்துக்கொள்ளும் விதிகள் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு பேக்கேஜ் பயணச் சட்டம் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. முக்கிய அம்சங்கள் கணிசமாக மாறினாலோ, விலை 8 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ, பயணி கட்டணமில்லாமல் விலகலாம். பணம் 14 நாளுக்குள் திரும்ப வேண்டும். பிரிட்டனின் 2018 விதிகளும் இதே போக்குதான். இவ்வளவு துல்லியமான சட்டம் இல்லாத நாடுகளிலும் வாதம் இதேதான்: சொன்னதைத் தராதவர் விலகினவரிடம் கட்டணம் கேட்க முடியாது.

போர், தொற்றுநோய், வெள்ளம் என்று செய்தி வரும்போது இந்த அவசரம் இன்னும் மோசமாக வேலை செய்கிறது. ஒரு வழக்கைச் சொன்னால் விளங்கும். ஜெர்மனியில் ஒருவர் 2020 ஏப்ரலில் ஜப்பான் போக பேக்கேஜ் வாங்கியிருந்தார். கொரோனா பயத்தில் மார்ச் 1ஆம் தேதி ரத்து செய்தார். நிறுவனம் 25 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டது. அதே மார்ச் 26ஆம் தேதி ஜப்பான் நுழைவுத் தடை விதித்தது. எப்படியும் போயிருக்கவே முடியாதே, பணத்தைத் தா என்று வழக்கு நடந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2024 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு சொன்னது: விலகிய நாளன்று இருந்த நிலைமையை மட்டும்தான் பார்க்க வேண்டும், பிற்பாடு நடந்ததைச் சேர்க்க முடியாது. அந்த நாளிலேயே ஆபத்து பெரிதாகத் தெரிந்தது என்று காட்ட முடிந்தால் சரி. காட்ட முடியாவிட்டால், பின்னால் நம் பயம் நிஜமானதால் மட்டும் ஒன்றும் கிடைக்காது.

அதற்காக, காத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லவில்லை. ரத்துக் கட்டணம், புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் படிப்படியாக ஏறுகிற ஒன்று. அடுத்த படி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். அதற்கு முந்தைய வேலைநாள் வரை காத்திருக்கலாம். அதுவரை நிறுவனமே ரத்து செய்யவில்லையென்றால், அன்று முடிவெடுத்தாக வேண்டும்.

சதவீதம் எதன்மீது என்று பார்க்காதது

மொத்த விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். முன்பணமாக 20 கட்டியாயிற்று. புறப்பட இன்னும் 20 நாள் இருக்கிறது. ஒப்பந்தத்தின் ரத்துக் கட்டண அட்டவணையில் ‘15 முதல் 30 நாள் வரை: 50 சதவீதம்’ என்று போட்டிருக்கிறது. கட்டின 20இல் பாதி போகும், 10 திரும்பும் என்றுதான் நம்மில் பலர் கணக்குப் போடுவோம். ஆனால் அந்த 50 சதவீதம் பொதுவாக மொத்த விலையின்மீது. முன்பணம் முழுசாகப் போவதோடு மீதி 30ஐக் கட்டச் சொல்லியும் கடிதம் வரலாம்.

நாள் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் மெயில் அனுப்பிய நாள் அல்ல, அவர்கள் அலுவலக நேரத்தில் பெற்றுக்கொண்ட நாளே கணக்கு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். சனிக்கிழமை இரவு அனுப்பினால் திங்கட்கிழமைதான் பதிவாகும், அதற்குள் அடுத்த படி தொடங்கியிருக்கும். தேதியை மாற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் மெதுவாக ரத்து செய்துகொள்ளலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால் அதையும் சரிபாருங்கள். தேதி மாற்றிய பிறகு ரத்து செய்தால் பழைய தேதியிலிருந்தே நாள் எண்ணும் விதி சில ஒப்பந்தங்களில் உண்டு.

இருவராகப் பதிவு செய்து ஒருவர் மட்டும் விலகினால், அவருடைய ரத்துக் கட்டணத்தோடு மீதி இருப்பவருக்குத் தனி அறைக்கான கூடுதல் தொகையும் சேரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விலகுகிறவருக்குப் பதில் வேறொருவரைச் சேர்த்துவிட முடியுமா என்று கேட்பது இங்கே பெரும்பாலும் மலிவான வழி. ஐரோப்பியச் சட்டத்தில் இது பயணியின் உரிமையே: 7 நாளுக்கு முன் தெரிவித்தால் போதும். பெயர் மாற்றத்துக்கு ஆகிற உண்மையான செலவை மட்டும் கட்ட வேண்டியிருக்கும்.

‘நான்-ரீஃபண்டபிள்’ (பணம் திரும்பாது) என்றதும் எழுந்து போய்விடுவது

பேக்கேஜ் என்பது விமான டிக்கெட், அறை, வண்டி, விசா, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த மூட்டை. ஒன்று திரும்பாது என்பதால் எல்லாமே திரும்பாது என்று ஆகிவிடாது. விசா கட்டணம் போனது போனதுதான், அதற்காக மல்லுக்கட்டாதீர்கள். ஆனால் விமான டிக்கெட் திரும்பாத வகையாகவே இருந்தாலும், நாம் பறக்காவிட்டால் விமான நிலையக் கட்டணங்களும் வரிகளும் பல நாடுகளில் கேட்டு வாங்கக்கூடியவை. இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, சலுகைக் கட்டண டிக்கெட்டுக்கும் இவற்றைத் திருப்பித் தர வேண்டும். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

ஆகவே “ரத்துக் கட்டணம் இவ்வளவு” என்ற ஒற்றை எண்ணை வாங்கிக்கொண்டு வராதீர்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். விமான நிறுவனம் பிடித்தது எவ்வளவு, ஹோட்டல் பிடித்தது எவ்வளவு, உங்கள் சேவைக் கட்டணம் எவ்வளவு? ஐரோப்பாவில் பயணி கேட்டால் நிறுவனம் இதற்கு விளக்கம் தந்தாக வேண்டும். இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், உண்மையான இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஹோட்டல் இலவசமாக ரத்து செய்துகொடுத்த அறைக்கு நம்மிடம் முழு வாடகையைப் பிடித்திருந்தால், இப்படிப் பிரித்து வாங்கிய கணக்கில்தான் அது வெளிப்படும்.

ரத்து செய்யாமலேயே போகாமல் இருந்துவிடுவது இன்னொரு வகை. எப்படியும் பணம் வராது, எதற்கு மெயில் எல்லாம் என்கிற அலுப்பு. சொல்லாமல் இருந்தால் பெயர் ‘வராதவர்’ பட்டியலில் ஏறும். அப்போது இன்சூரன்ஸ் கேட்க வழி குறுகிவிடும். போகிற விமானத்தில் ஏறாவிட்டால் திரும்பி வரும் டிக்கெட்டையும் விமான நிறுவனம் தானாக ரத்து செய்வது வழக்கம். பாதி வழியில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

14 நாள், 24 மணி நேரம் என்று கேள்விப்பட்டதை நம்புவது

ஆன்லைனில் வாங்கிய எதையும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்ற ஐரோப்பிய விதி பேக்கேஜ் பயணங்களுக்குப் பொருந்தாது. சட்டத்திலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் 24 மணி நேர விதி விமான நிறுவனத்திடம் நேரடியாக, புறப்பாட்டுக்கு 7 நாளாவது முன்னதாகப் பதிவு செய்த டிக்கெட்டுக்கு. இடைத்தரகர் விற்ற பேக்கேஜை அது கட்டுப்படுத்தாது.

இதற்கு நேர்மாறானது விடுமுறை கிளப் உறுப்பினர் திட்டம். பரிசு விழுந்திருக்கிறது என்று குடும்பத்தோடு ஒரு ஹோட்டல் ஹாலுக்கு அழைத்து, மூன்று மணி நேரம் உட்காரவைத்து, இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்று விற்பார்களே, அது. இதில்தான் காரணமே சொல்லாமல் விலகும் அவகாசம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள், அதற்குள் முன்பணம் வாங்குவதே தடை. மற்ற இடங்களில் அவகாசம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே அதைத் தேடிப் படியுங்கள். ‘யோசித்துச் சொல்கிறேன், அடுத்த வாரம் உங்கள் மேனேஜரைப் பார்க்கிறேன்’ என்று நாளைக் கடத்தவைப்பது அவர்கள் வேலை. அவர்கள் அப்பாயின்ட்மெண்ட் கொடுக்கும் தேதி பெரும்பாலும் அவகாசம் முடிந்த மறுநாளாகத்தான் இருக்கும்.

வவுச்சரும் கடனும்

பணத்துக்குப் பதில் அடுத்த ஆண்டு பயன்படுத்திக்கொள்ள வவுச்சர் தருகிறோம் என்பார்கள். 2020இல் உலகம் முழுக்க இதுதான் நடந்தது. ஐரோப்பிய ஆணையம் அந்த மே மாதமே, வவுச்சர் பயணியின் விருப்பத்தைப் பொறுத்தது, கட்டாயமல்ல என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. ரொக்கமாகத் திரும்ப வேண்டிய பணமாக இருந்தால் வவுச்சரை ஏற்கும் பட்டனை அழுத்தாதீர்கள். அழுத்தினால் ரொக்கம் கேட்கும் உரிமை போய்விடும். நம்மால் ரத்தாகி, ரொக்கம் கொஞ்சம்தான் வரும் என்றால் கதை வேறு; அப்போது வவுச்சர் லாபமாகவே இருக்கலாம். காலாவதித் தேதி, வேறொருவருக்குக் கொடுக்கலாமா, சீசனில் செல்லுமா, இவற்றைப் பார்த்துக்கொண்டு எடுங்கள். நிறுவனம் இழுத்து மூடினால் வவுச்சர் வெறும் காகிதம் என்பதையும் மறக்காதீர்கள்.

இஎம்ஐ போட்டு வாங்கியிருந்தால் டூர் ரத்தானதும் தவணையும் நின்றுவிடும் என்று பலர் வங்கிக்கணக்கைக் காலியாக்கிவிடுகிறார்கள். கடன் கொடுத்தவர் வேறு, டூர் விற்றவர் வேறு. ரீஃபண்ட் கடன் கணக்கில் ஏறி, கணக்கு மூடப்பட்டதாகக் கடிதம் வரும்வரை தவணை ஓடும். கட்டாவிட்டால் அபராதமும் கிரெடிட் ஸ்கோர் சரிவும் நம்முடையதே.

கார்டில் கட்டிய பணத்தை, “நாங்கள் அனுப்பிவிட்டோம், உங்கள் பேங்கைக் கேளுங்கள்” என்று நிறுவனம் சொல்லும். வங்கி “எங்களுக்கு வரவில்லை” என்று சொல்லும். இந்தப் பந்தாட்டத்தை நிறுத்த ஒன்று கேளுங்கள்: ஏஆர்என் என்ற 23 இலக்க எண். கார்டு வழியாக உண்மையிலேயே ரீஃபண்ட் போயிருந்தால் அந்த எண் இருக்கும். வங்கி அதை வைத்துப் பணம் எங்கே நிற்கிறது என்று தேடித்தரும். எண்ணைத் தரமாட்டேன் என்று மழுப்பினால் அனுப்பவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதன்பிறகும் வரவில்லை என்றால் கார்டு வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது கட்டிய பணத்தை நிறுவனத்திடமிருந்து திரும்ப எடுத்துத் தரச் சொல்லலாம். பெரும்பாலும் 120 நாள் வரம்பு இருக்கிறது, ஆகையால் “அடுத்த மாதம், அடுத்த மாதம்” என்ற வாக்குறுதிகளைக் கேட்டுக்கொண்டே இருந்துவிடக்கூடாது. ஆனால் மனசு மாறியதால் ரத்து செய்த டூருக்குச் சார்ஜ்பேக் போடாதீர்கள். ஒப்பந்தத்தைக் காட்டி அவர்கள் ஜெயித்துவிடுவார்கள், பேச்சுவார்த்தைக்கு இருந்த கொஞ்ச இடமும் அடைபடும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தாமதிப்பது

உடம்பு சரியில்லாமல் போகிறது. ஒருவேளை சரியாகிவிடும் என்று பத்து நாள் பார்த்துவிட்டு ரத்து செய்கிறோம். அதற்குள் கட்டணம் 25இலிருந்து 75 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. போக முடியாது என்று தெரிந்த அன்றே ரத்து செய்திருந்தால் ஆகியிருக்கும் 25ஐ மட்டும் தருவோம் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் சொல்ல பாலிசியில் இடம் இருக்கும். ‘இவர் பயணம் செய்யக்கூடாது’ என்ற டாக்டர் சான்றிதழின் தேதியும் முக்கியம். அது ரத்து செய்த தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் நிச்சயம் கேள்வி வரும்.

கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுவது

ரீஃபண்ட் தாமதமாகிறவர்களைக் குறிவைத்தே ஒரு கூட்டம் இயங்குகிறது. தேடலில் முதலில் வரும் போலி எண்ணைக் கூப்பிட்டால், மிகவும் மரியாதையாகப் பேசி, “ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த ரிக்வெஸ்டை ஏற்று, உங்கள் ரகசிய பின் (PIN) நம்பரைப் போடுங்கள்” என்பார்கள். பணம் வாங்குவதற்கு பின் (PIN) நம்பரோ ஓடிபியோ தேவையில்லை. எண்ணை இன்வாய்ஸிலிருந்தோ நிறுவனத்தின் சொந்த ஆப்பிலிருந்தோ மட்டும் எடுங்கள்.

கிளப் உறுப்பினர்களைத் தேடி வருவது இதன் இன்னொரு வடிவம். பல ஆண்டுகளுக்கு முன் போன பணத்தை மீட்டுத்தருகிறோம், கோர்ட் கட்டணமோ வரியோ மட்டும் முதலில் கட்டுங்கள் என்று போன் வரும். நம் உறுப்பினர் எண், கட்டிய தொகை எல்லாம் சரியாகச் சொல்வார்கள். பழைய வாடிக்கையாளர் பட்டியல் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். கட்டிவிட்டீர்கள் என்றால் அடுத்த கட்டணத்துக்கு அழைப்பு வருவதற்குள் வங்கிக்கும் போலீசுக்கும் சொல்லிவிடுங்கள்.