எஸ்எம்ஏ மருந்து பலன் தருகிறதா? வீட்டிலேயே குறித்து வைப்பது எப்படி

எஸ்எம்ஏ என்பது தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் செத்து, தசைகள் பலமிழக்கும் பரம்பரை நோய். அதற்கு நுசினெர்சென் (முதுகுத்தண்டில் ஊசி, தொடக்க ஊசிகள் முடிந்ததும் 4 மாதத்துக்கு ஒன்று) போட்டாலும் சரி, ரிஸ்டிப்லாம் தினமும் வாயால் எடுத்தாலும் சரி, பெரியவர்கள் எழுந்து நடப்போமா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். செத்துப்போன நரம்பு செல்கள் திரும்பி வராது. இருக்கிற பலம் குறையாமல் நிற்பதே பெரிய விஷயம்.

அதனால் சின்ன வேலைகளைக் குறியுங்கள்: முழு டம்ளர் தண்ணீரை ஒரு கையால் வாய்வரை தூக்க முடிகிறதா, ராத்திரி புரண்டு படுக்க யாரையாவது எழுப்ப வேண்டியிருக்கிறதா, சாயங்காலம் போனில் பேசினால் குரல் கம்முகிறதா. மாதம் ஒருமுறை அதே நாற்காலி, அதே நேரம், ஒரு வீடியோ. சோர்வுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதுங்கள். அப்புறம் மனசு சரியில்லை என்றால் அதையும் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவராகக் கேட்பது அபூர்வம். பிசியோதெரபியை நிறுத்தாதீர்கள்.